முடக்கில் வரும் சத்தம்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்கு நேராகப் போகிற பழக்கம் கிடையாது. ஒருவருடைய வளவு முடிகிற இடத்தில் வலப்பக்கம் முறியும். இன்னொருவருடைய பூவரசுக்கு வழிவிட்டு இடப்பக்கம் ஒதுங்கும். வைரவர் கோயிலைக் கண்டால் அரைவட்டம் அடிக்கும். எல்லைக் கதியால் போட்ட காலத்துச் சண்டைகளுக்கெல்லாம் பிற்காலத்தில் தார் ஊற்றி நிரந்தரமாக்கி வைத்திருக்கிறார்கள். ஏ 9 வீதியில் வாயே திறக்காமல் வந்த கார், இந்த முடக்குகளுக்குள் இறங்கியதும் தன் வருத்தம் முழுவதையும் சொல்லத் தொடங்கும்.

முன்னர் இரண்டு பக்கமும் கிடுகு வேலி. வருகிற சத்தத்தைக் கிடுகு குடித்துவிடும். இப்போது இரண்டு பக்கமும் ஆளுயர மதில். ஒன்று கனடாக் காசு, மற்றது சுவிஸ் காசு. சில்லுக்குள் எழும்புகிற சின்ன முனகல்கூட மதிலில் மோதித் திரும்பிக் காதுக்குள் வருகிறது. பழுது தேடுகிறவனுக்கு இது பெரிய உதவி. கண்ணாடியை இறக்கிவிட்டு மதிலோரமாக மெல்லப் போனால், எந்தப் பக்கத்துச் சில்லு என்று மதிலே சொல்லிவிடும். புலம்பெயர்ந்தவர்கள் ஊருக்குச் செய்த தொண்டுகளின் பட்டியலில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை.

எங்கள் வீட்டு வாகன் ஆர் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. சுசுக்கி கொம்பனியின் பெட்டி வடிவக் கார். பற்றரியும் பெற்றோலும் கலந்து ஓடுவது. சந்தியில் நின்றால் இயந்திரமும் தானாக நின்றுவிடும். கார் ஓடுகிறதா செத்துவிட்டதா என்று தெரியாத அளவு அமைதி. அந்த அமைதிக்குள் ஒருநாள் இடப்பக்கம் வெட்டும்போது ‘கர்ர்ர்’ என்று ஓர் அரைப்புச் சத்தம். நேரே போனால் இல்லை. வலப்பக்கம் வெட்டினாலும் இல்லை. இடப்பக்கம் மட்டும்.

மகனுடைய முகம் கறுத்துவிட்டது. அதற்கு நியாயமும் உண்டு. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பக் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்த நாட்டில் பழைய கார்கள் வயதாக வயதாக விலை ஏறின. நடுத்தர வயதில் இப்படி மதிப்புக் கூடும் பாக்கியம் மனிதருக்கு வாய்ப்பதில்லை. அந்த விலையில் கார் வாங்கியவன் அதிலிருந்து வருகிற ஒவ்வொரு சத்தத்தையும் பணம் ஒழுகுகிற சத்தமாகத்தான் கேட்பான்.

ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “பவர் ஒயில் குறைஞ்சிருக்கும், ஊத்தி விடுங்கோ” என்றார். வாகன் ஆரின் ஸ்டியரிங்குக்கு உதவி செய்வது சின்ன மின்மோட்டர். அதில் எண்ணெய்க்கு இடமே இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் வாட்ஸப்பில் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “உது சி.வி. ஜொயின்ற் மச்சான், இஞ்சை எல்லாருக்கும் உதுதான்” என்று தீர்ப்புச் சொன்னார். இரவு முழுக்க அவர் அனுப்பிய வீடியோக்களில் ஆளாளுக்கு வேறு வேறு காரை உயர்த்தி வேறு வேறு பாகத்தைக் கழற்றினார்கள்.

மகன் தெரிந்தெடுத்த கராஜில் குளிரூட்டிய அறை, கண்ணாடிச் சுவர், இலவச வைபை. சத்தம் கேட்கிறதா என்று யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஸ்கானரைச் செருகினார்கள். பிழை எதுவும் இல்லை என்று திரை பச்சையாகச் சிரித்தது. ஸ்கானர் பொய் சொல்லவில்லை. காரின் கணினிக்குத் தெரிந்ததைத்தான் அது வாசிக்கும். இயந்திரம், காற்றுப் பை, பிறேக்கின் வேக உணரி எல்லாம் கணினிக்குத் தகவல் அனுப்புகின்றன. சில்லுக்குப் பக்கத்தில் எது எதோடு உரசுகிறது என்று சொல்ல அங்கே ஆளில்லை. பிழை இல்லை என்று தெரிந்தபின் திருத்துவதற்கான மதிப்பீடு ஒன்றை அச்சடித்துத் தந்தார்கள். ஸ்டியரிங் றக் முழுதாக மாற்ற வேண்டும், இரண்டு ஷாஃப்ற் மாற்ற வேண்டும், பிறகு எலைன்மென்ற். அதன் பிறகும் சத்தம் இருந்தால்? “திரும்பக் கொண்டு வாங்கோ சேர், வேற என்ன எண்டு பாப்பம்.”

முப்பத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன்னர் என் பெரியப்பாவின் காரிலும் முடக்கில் சத்தம் வந்தது. அதன் விளைவு கொஞ்சம் வேறு மாதிரி.

அவரிடம் இருந்தது ஒஸ்ரின் ஏ 40 சொமர்செற். 1952க்கும் 1954க்கும் இடையில் பேர்மிங்ஹாமின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் செய்த உருண்டை முதுகுக் கார். அதில்தான் அவர் ஹயர் ஓடினார். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் போனது, ஆனையிறவுப் பாதை போனது, பெற்றோல் தடைப் பட்டியலில் ஏறியது. நவீன கார்கள் எல்லாம் படங்குக்கு அடியில் படுத்துக்கொண்டன. ஓடியது இந்தக் கிழடுகள்தான். காரணம் வீரமில்லை, அமுக்க விகிதம். சொமர்செற்றின் 1200 சிசி இயந்திரம் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை ஏழில் ஒரு பங்களவுக்குத்தான் அமுக்கும்; அந்த மென்மையான அமுக்கத்துக்கு மண்ணெண்ணெயும் சம்மதிக்கும். வாகன் ஆர் போன்றவை பத்து மடங்குக்கு மேல் அமுக்குபவை. அவற்றுக்கு மண்ணெண்ணெய் விட்டால் இயந்திரம் உள்ளுக்குள் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும்.

இது எங்கள் கண்டுபிடிப்பு என்று கொஞ்சக் காலம் பெருமைப்பட்டிருக்கிறேன். உண்மையில் 1946இலிருந்து கொவென்றியில் செய்த பேர்குசன் றக்ரர்களில் ஒரு வகை இதே வழியில்தான் ஓடியது. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறுவது. ஆங்கிலேய விவசாயிக்கு அதற்கென்று தனியாகச் செய்த சூடேற்றும் குழல் இருந்தது. பெரியப்பாவுக்குச் சூப்பிப் போத்தல் இருந்தது. காபுறேற்றருக்குள் சூப்பியால் நாலு துளி பெற்றோல். கார் இருமும், உதறும், பிடித்துக்கொள்ளும். பிறகு மண்ணெண்ணெய். எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி அடியில் இருக்கிற ஒயிலோடு சேரும். அதனால் ஓட ஓட அளவுக்கோலில் ஒயில் மட்டம் ஏறிக்கொண்டே போகும். ஒயில் குறையாமல் கூடுகிற கார் உலகத்தில் எங்களிடம்தான் இருந்தது. கூடியது ஒயில் இல்லை, இயந்திரத்தின் சாவு என்பது எல்லாருக்கும் தெரியும். மோட்டார் சைக்கிள்காரர் மண்ணெண்ணெயில் தேங்காய் எண்ணெய் கலந்தார்கள். அவர்கள் போன பிறகு தெருவில் வடை வாசம் நின்றது.

பெரியப்பாவின் சொமர்செற்றில் முன் சில்லுப் பெயரிங்கின் கிறீஸ் வறண்டு போயிற்று. முன்னர் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் ஓடி ஓடி உப்புக் காற்றும் மணலும் உள்ளே போயிருந்தன. முதலில் மெல்லிய ரீங்காரம். பிறகு முடக்கில் வெட்டும்போது கனத்த உறுமல், ஏறி இறங்கி, வயிற்றைக் கலக்குகிற மாதிரி. அது அப்படியே சகடையின் சத்தம்.

சகடை என்பது குண்டு போடுகிற விமானம் ஒன்றுக்கு ஊர் வைத்த பெயர். அது மெதுவாக வரும். வருகிறது என்பது நெடுநேரம் முன்னரே கேட்கும். அந்தக் காலத்தில் காது இருந்தது வானத்துக்கு. கார் ஓட்டுகிறவருக்குத்தான் சிக்கல்: மண்ணெண்ணெய் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் மேலே என்ன பறக்கிறது என்று கேட்காது. பெரியப்பா எதிரே வருகிற சைக்கிள்காரரின் முகத்தைப் பார்த்து ஓட்டினார். முகம் நேராக இருந்தால் போகலாம். முகம் மேலே திரும்பினால் நிறுத்து, இறங்கு, கானுக்குள் படு. சந்திகளில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் கேட்பார். திரும்ப ஸ்ராட் பண்ண நாலு துளி பெற்றோல் செலவாகும். அந்தக் கணக்கையும் பார்த்துத்தான் எந்தச் சந்தியில் பயப்படுவது என்று தீர்மானிப்பார்.

ஆகவே அவருடைய கார் முடக்கில் திரும்பியபோது ஒழுங்கை முழுக்கப் பங்கருக்குள் பாய்ந்தது. முதல் நாள் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. முடக்கு வீட்டு ஆச்சி படலையில் வந்து நின்று மறித்தா.

“டேய் தம்பி, ஒண்டில் உந்தக் காரைத் திருத்து, இல்லாட்டி உந்த முடக்காலை வராதை. ஒவ்வொரு முறையும் பங்கருக்கை விழுந்தெழும்ப என்னாலை ஏலாது.”

பெரியப்பா காரைத் திருத்தியது சில்லுக் கழன்று விழும் என்ற பயத்தால் இல்லை. ஆச்சிக்காகத்தான்.

காரைக் கொண்டுபோனது மெக்கானிக் அண்ணையிடம். அண்ணை அப்போது இளந்தாரி. மாமரத்துக்குக் கீழே ஒரு கொட்டில், ஓர் எண்ணெய் ஊறிய வாங்கு, கொஞ்ச ஆயுதங்கள். அவர் எதையும் கழற்றுவதற்கு முன் கேள்வி கேட்பார். கறகறவா, கடகடவா? கீச்சிடுதா, டக்டக் எண்டுதா? வேகம் கூடச் சத்தம் கூடுதா? பிறேக்கை மிதிச்சால் மாறுதா? எந்தப் பக்கம் வெட்டேக்கை? பெரியப்பா “இடப்பக்கம்” என்றதும் அவர் வலப்பக்கச் சில்லுக்குப் போய்க் குந்தினார். இடப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் வலப்பக்கம் சாயும். சுமக்கிற சில்லுத்தான் அழும். இதை அவர் எந்தப் புத்தகத்தில் படித்தாரோ தெரியாது. நான் அவரிடம்தான் படித்தேன்.

ஸ்குறூ டிறைவரின் பிடியைக் காதில் வைத்து நுனியைச் சில்லின் நடுவில் ஊன்றி, என்னைச் சில்லைச் சுழற்றச் சொன்னார். வைத்தியர் நெஞ்சில் கேட்பது மாதிரிக் கண்ணை மூடிக் கேட்டார். “குண்டு ரண்டு உடைஞ்சு போச்சு.” கழற்றினால் அப்படியே இருந்தது.

புதுப் பெயரிங் கிடையாது. தோட்டக்காரர் ஒருவரின் பழுதான நீரிறைக்கும் இயந்திரத்தில் ஒன்று கிடைத்தது. யப்பான் சாமான், மில்லிமீற்றர் கணக்கு. ஒஸ்ரினோ அங்குலக் கணக்கு. வெளிவிட்டம் சிறிதாக இருந்தது, உள்விட்டம் பெரிதாக இருந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் லேத் எப்படிச் சுற்றும்? இன்னொரு நீரிறைக்கும் இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட விட்டு, பெல்ற் மாட்டிச் சுற்றினார்கள். உள்ளுக்கொன்றும் வெளியிலொன்றுமாக இரண்டு புஷ் கடைந்து இடைவெளியை நிரப்பினார்கள். கிறீஸ் பழைய லொறியொன்றிலிருந்து விரலால் வழித்தெடுத்தது. சில்லைப் பூட்டி முடிந்ததும் பெரியப்பா கேட்டார், எவ்வளவு காலம் தாங்கும் என்று.

“உங்கடை வீடு தாங்குமட்டும் தாங்கும்,” என்றார் அண்ணை. பொம்மர் வருகிற நேரமாகையால் யாரும் அதைத் தப்பாக எடுக்கவில்லை.

இப்போது இதையெல்லாம் புத்தாக்கம் என்று கருத்தரங்குகளில் புகழ்கிறார்கள். சரியான அளவில் ஒரு பெயரிங் கிடைத்திருந்தால் அண்ணை அன்றைக்கே அந்தப் புத்தாக்கத்தைத் தூக்கிக் குப்பையில் எறிந்திருப்பார். புஷ் போட்ட சில்லு கொஞ்சம் கோணலாகத்தான் சுற்றியது. ரயர் ஒருபக்கம் தேய்ந்தது. ஆனால் சத்தம் மாறியது. ஆச்சிக்கு அது போதும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி, இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது சொமர்செற்றும் சனத்துக்குள் நகர்ந்தது, நடப்பவர்களை விட மெதுவாக. அன்றைக்கு எந்தச் சில்லு என்ன சத்தம் போட்டது என்று எனக்கு நினைவில்லை. 2002 ஏப்ரலில் ஏ 9 திறந்தபோது தெற்கிலிருந்து பழைய கார் சேர்ப்பவர்கள் வந்தார்கள். தடையால் பூட்டிக் கிடந்த ஊரில் அவர்கள் தேடிய கார்கள் தெருத் தெருவாக ஓடிக்கொண்டிருந்தன. பெரியப்பா விற்றார். அதே வகைக் கார்கள் இப்போது கல்யாணங்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடுகின்றன. மாப்பிள்ளை லண்டனிலிருந்து வந்து, ஒரு காலத்தில் தாய்க்குப் பிரசவ வலி எடுத்தபோது தள்ளி ஸ்ராட் பண்ணிய காரில் சாய்ந்து நின்று படம் எடுக்கிறார்.

2022இல் பெற்றோலுக்கு வரிசை நீண்டு, கியூ.ஆர். அட்டை வந்து, கிழமைக்கு இவ்வளவுதான் என்று அளந்தபோது, பெடியள் சிலர் மெக்கானிக் அண்ணையைத் தேடிப் போய் மண்ணெண்ணெயில் ஓட்டுகிற வித்தையைக் கேட்டிருக்கிறார்கள். அவர் வாகனங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “உதுகளுக்குச் சூப்பி வைக்கிற வாய் இல்லை” என்று அனுப்பிவிட்டாராம்.

மகனின் மதிப்பீட்டுத் தாளோடு நானும் அவரிடம்தான் போனேன். மாமரம் இருக்கிறது. கொட்டில் தகரமாகிவிட்டது. தாளை வாசிக்காமல் மடித்து வாங்குக்குக் கீழே வைத்தார். அதே கேள்விகள், அதே வரிசையில். பிறகு கோயில் வெளிக்கு வண்டியை விடச் சொன்னார்.

“முழுசா வெட்டிப் பிடிச்சுக்கொண்டு மெதுவா வட்டம் அடியுங்கோ. இனி மற்றப் பக்கம். இனிப் பின்னுக்கு.”

வட்டம் அடித்தது மச்சானின் தீர்ப்பைச் சோதிக்க. முன் சில்லால் இழுபடுகிற காரில் சில்லு திரும்பவும் வேண்டும், அதேநேரம் இழுக்கவும் வேண்டும். இரண்டையும் இணைப்பதுதான் சி.வி. ஜொயின்ற்: வளைந்த பள்ளங்களுக்குள் ஆறு உருக்குக் குண்டுகள், சுற்றிக் கிறீஸ், அதற்கு மேல் றப்பர் உறை. தேய்ந்தால் வெட்டும்போது டக்டக் என்று அடிக்கும். 1920களில் அமெரிக்காவில் போர்ட் கொம்பனிப் பொறியியலாளர் அல்பிரட் றெப்பா அமைத்த வடிவம் இது. அது சாதாரண மக்களின் காருக்குள் பரவியதற்கு 1959இல் அலெக் இசிகோனிஸ் கொண்டுவந்த மினி ஒரு பெரிய காரணம். இதே இசிகோனிஸின் 1948ஆம் ஆண்டு மொறிஸ் மைனர்தான் யாழ்ப்பாணத்துத் தெருக்களை ஆண்டது. மைனர் பின்சில்லால் தள்ளப்படுவது. அதில் இந்த ஜொயின்றே கிடையாது. அதற்குப் பதிலாக முன் சில்லைத் தாங்குகிற திருகுப் பூட்டு ஒன்று இருக்கும். கிறீஸ் அடிக்க மறந்தால் அது தேய்ந்து, சத்தம் கூடப் போடாமல், முடக்கில் சில்லு மடிந்து படுத்துவிடும். ஆக, முன்னர் சொல்லாமல் விழுத்தியவரும் இப்போது டக்டக் என்று சொல்லிவைக்கிறவரும் ஒரே ஆள்தான்.

எங்கள் காரில் டக்டக் இல்லை. ஜொயின்ற் தப்பியது. ஜக் வைத்து வலப்பக்கத்தைத் தூக்கினார். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார்; ஆட்டம் இல்லை. சில்லைச் சுழற்றிவிட்டு மற்றக் கையைச் சுருள் ஸ்பிறிங்கில் வைத்தார். பெயரிங் கெட்டிருந்தால் அந்த நடுக்கம் ஸ்பிறிங் வழியே கைக்கு ஏறும். ஸ்குறூ டிறைவரைக் காதில் வைக்கவில்லை. “வலக்காது போச்சு. தொண்ணூற்றிரண்டிலை ஷெல்.” அவ்வளவுதான் சொன்னார். கையால் கேட்டார்.

சில்லைக் கழற்றினார். பிறேக் டிஸ்குக்குப் பின்னால் தூசி படாமல் இருக்க ஒரு மெல்லிய தகரம் இருக்கும். தகரத்துக்கும் டிஸ்குக்கும் இடையில் நகக்கண்ணளவு கருங்கல் சல்லி ஒன்று. ஒழுங்கையைக் காப்பெற் போடுவதற்காகக் கொட்டி, தேர்தல் முடிந்ததும் மறந்துபோன குவியலிலிருந்து வந்தது. கல் தகரத்தை நெளித்து டிஸ்கோடு முட்ட வைத்திருந்தது. நேரே போகும்போது மயிரிழை இடைவெளி. இடப்பக்கம் வெட்டிப் பாரம் வலப்பக்கம் ஏறியதும் அந்த மயிரிழையும் மூடிக் ‘கர்ர்ர்’. கல்லைத் தட்டிவிட்டு, தகரத்தை விரலால் நிமிர்த்திவிட்டார். ஸ்டியரிங் றக், இரண்டு ஷாஃப்ற், எலைன்மென்ற் எல்லாம் அந்த விரலோடு முடிந்தன.

நான் சந்தோஷப்பட்டு எழும்பியபோது அவர் எழும்பவில்லை. தலையைச் சாய்த்து உள்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சில்லின் உட்புறத்தில் கறுப்பாக ஒரு வளையம், கிறீஸ் தெறித்தது. றப்பர் உறையின் மடிப்பில் வெடிப்பு.

“சத்தம் போட்டது வருத்தமில்லை. உது இன்னும் சத்தம் போடேல்லை. மண் உள்ளுக்கை போகத் தொடங்கினால் பிறகு உங்கடை மச்சான் சொன்னது சரியா வரும்.”

ரவுணில் கடை கடையாகக் கேட்டேன். உறை தனியே இல்லை; ஷாஃப்ற்றோடு சேர்த்து முழுதாகத்தான் தருவார்களாம், அதுவும் லீசிங் வசதியோடு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்காரர் உறையும் கிளிப்பும் கிறீஸ் பக்கற்றும் இரவு பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொன்னார். அதுவரை?

“பழைய ரியூப் ஒண்டு கொண்டு வாங்கோ,” என்றார் அண்ணை. “வெட்டிச் சுத்திக் கட்டி விடுறன்.”

இந்தக் காரின் நாலு ரயருக்குள்ளும் காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. ஊரில் கேட்டால் எல்லாருடையதும் அப்படித்தான். கடைசியில் சந்தியடிச் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணை, இனி ஒட்டுப் போட இடமில்லாத ரியூப் ஒன்றை ஆணியிலிருந்து கழற்றித் தந்தார். காருக்கு என்றதும் கடைக்கு வெளியே வந்து வீதியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்:

“என்ன ஐயா, திரும்பவும் பெற்றோல் இல்லையாமோ?”